கலங்கிய தண்ணீரைக் கொட்டாத மனிதர்

புதுத் தொட்டி, புது வடிகட்டி, தெளிந்த தண்ணீர் எல்லாம் இருந்தும் வாங்கி வந்த மீன்கள் ஏன் இரண்டே வாரத்தில் இறந்துபோகின்றன? மீன் வளர்க்கத் தொடங்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை சொல்ல நான் 19ஆம் நூற்றாண்டு லண்டனிலிருந்துதான் தொடங்குவேன். அங்கே வாழ்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளரின் வாழ்க்கையில் விடையின் ஒரு பாதி இருக்கிறது. மறுபாதி அவருடைய மகனின் வாழ்க்கையில் இருக்கிறது.

நான் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வீவக வீட்டின் வரவேற்பறையில் நன்னீர் மீன்தொட்டி வைத்திருப்பவன். மீன்தொட்டியின் வரலாற்றைச் சொல்லும் நூல்களில் வாரிங்டன் பெயர் தவறாமல் வரும். ஆனால் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொண்டால், வேதியியல் பாடத்தில் படிக்கும் பல செய்திகள் கண்ணாடித் தொட்டிக்குள் நடப்பதை நாமே பார்க்கலாம்.

பயிற்சி மாணவராகத் தொடங்கியவர்

வாரிங்டன் 1807ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் உள்ள ஷியர்னஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை கப்பல்களுக்கு உணவுப்பொருள் வழங்கும் தொழில் செய்தவர். அக்காலத்தில் வேதியியல் படிக்க இன்று போல் வகுப்புகளும் ஆய்வுக்கூடங்களும் எளிதில் கிடைக்கவில்லை. ஒரு வல்லுநரிடம் பயிற்சி மாணவராகச் சேர்ந்து, கூடவே இருந்து கற்பதே பலருக்கும் வழி. வாரிங்டனும் 1822ஆம் ஆண்டில், மருத்துவப் பள்ளிகளில் வேதியியல் கற்பித்துவந்த ஜான் தாமஸ் கூப்பர் என்பவரிடம் சேர்ந்தார். பொட்டாசியம், சோடியம், அயோடின் ஆகியவை அரிய பொருள்களாக இருந்த காலம் அது. அவற்றைத் தயாரிக்கும் வேலையில் அந்த இளைஞருக்குக் கை பழகியது.

1828ஆம் ஆண்டில் லண்டனில் புதிய பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது, அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் டர்னர் இவரை உதவியாளராக எடுத்துக்கொண்டார். பிறகு 1831 முதல் 1839 வரை ஒரு பெரிய பீர் ஆலையில் வேதியியலாளராக வேலை பார்த்தார். ஆலைகளில் முழுநேர வேதியியலாளர் ஒருவரை வைத்துக்கொள்வது அப்போது புதுமை.

இவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருகிறது. இங்கிலாந்தில் வேதியியலாளர்கள் ஒன்றுகூடிப் பேச நிலையான சங்கம் எதுவும் அப்போது இல்லை. வாரிங்டன் பெரிய பேராசிரியரோ பணக்காரரோ அல்லர். இருந்தும் 1841ஆம் ஆண்டில் அவரே முன்வந்து வேதியியலாளர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்ததுதான் லண்டன் வேதியியல் சங்கம். தாமஸ் கிரகாம் அதன் முதல் தலைவரானார். வாரிங்டன் பத்து ஆண்டுகள் செயலாளராக இருந்து, மேடைக்குப் பின்னால் நடக்க வேண்டிய வேலைகளைச் செய்தார். வாயுக்கள் பரவும் விதம் பற்றிய கிரகாமின் விதியைத் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் படித்திருப்பார்கள். அவர் தலைமை தாங்கிய சங்கத்தைக் கூட்டிச் சேர்த்தவர் பெயர் பாடநூலில் இல்லை.

1842ஆம் ஆண்டில் லண்டன் மருந்தாளர் சங்கத்தின் ஆய்வுக்கூடப் பொறுப்பு வாரிங்டனுக்குக் கிடைத்தது. தேம்ஸ் ஆற்றுக்கு அருகில் உள்ள சங்கக் கட்டடத்திலேயே குடும்பத்துடன் குடியேறினார். மருந்துகளைத் தயாரிப்பதும் அவற்றின் தூய்மையைச் சோதிப்பதும் அவர் வேலை. சந்தையில் விற்ற பச்சைத் தேயிலையையும் அவர் ஆராய்ந்தார். இலைகள் அழகாகத் தெரிவதற்காக அவற்றின் மேல் பிரஷ்யன் நீலம் என்ற சாயமும் ஜிப்சமும் பூசப்பட்டிருப்பதைக் கண்டறிந்தார். பார்வைக்குச் சுத்தமாக இருப்பது உண்மையில் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை என அறிந்த கண்கள் அவருடையவை. மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோதும் அந்தக் கண்கள்தாம் அவருக்கு உதவின.

12 கேலன் பாத்திரம்

வாரிங்டனுக்கு முன்பே மக்கள் கண்ணாடிக் கிண்ணங்களில் தங்கமீன் வளர்த்தார்கள். ஆனால் தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றாவிட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடித் தவிக்கும், பிறகு இறந்துபோகும். ஒரு முறை ஊற்றிய தண்ணீரிலேயே மீன் நீண்ட காலம் நலமாக வாழ முடியுமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி.

கேள்விக்கான அடிப்படை ஏற்கெனவே தெரிந்திருந்தது. செடிகள் கெட்ட காற்றை நல்ல காற்றாக மாற்றுகின்றன என்பதை ஜோசப் பிரீஸ்ட்லி 1770களில் காட்டினார். அதற்கு வெளிச்சம் தேவை என்பதை யான் இங்கன்ஹவுஸ் 1779ஆம் ஆண்டில் நிறுவினார். விலங்கு வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது. செடி வெளிவிடும் உயிர்வாயுவை விலங்கு எடுத்துக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் நடத்திக் காட்ட முடியுமா என்று பார்க்க விரும்பினார் வாரிங்டன்.

1849ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 12 கேலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம். நம் கணக்கில் சுமார் 54 லிட்டர். அடியில் மணலும் சேறும் இட்டார். மீன்கள் ஒளிந்துகொள்ள வசதியாகக் கற்களை அடுக்கினார். வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நட்டார். நீண்ட பச்சை நாடாக்கள் போன்ற இலைகள் கொண்ட அந்தச் செடி இன்றும் நம் மீன் கடைகளில் கிடைக்கும். இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். லண்டன் அப்போது நிலக்கரிப் புகையில் மூழ்கிய நகரம். தூசியும் கரியும் விழாமல் இருக்க, பாத்திரத்தின் வாயை மெல்லிய மஸ்லின் துணியால் மூடினார்.

சில காலம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின. தண்ணீர் கலங்கியது. பாசி போன்ற வழுவழுப்பான படலம் படர்ந்தது. புதுத் தொட்டி வைத்த எவருக்கும் இந்தக் காட்சி தெரியும். பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

வாரிங்டன் அப்படிச் செய்யவில்லை. இயற்கையான குளத்திலும் இலைகள் அழுகத்தான் செய்கின்றன. அங்கே தண்ணீர் கெடாமல் இருக்கிறதென்றால், அழுகியதை அகற்றும் யாரோ ஒருவர் அங்கே இருக்க வேண்டும். தன் தொட்டியில் இல்லாதவர் யார் என்று தேடினார். குளத்து நத்தையில் வந்து நின்றார்.

ஐந்தாறு நத்தைகளைத் தொட்டிக்குள் விட்டார். அவை அழுகிய இலைகளையும் வழுவழுப்பான படலத்தையும் தின்றன. தண்ணீர் தெளிந்தது. இன்னொரு நன்மையும் கிடைத்தது. நத்தைகள் இட்ட முட்டைகளும் அவற்றின் குஞ்சுகளும் தங்கமீன்களுக்கு உணவாயின. மீனின் கழிவு செடிக்கு உரம். செடியின் அழுகல் நத்தைக்கு உணவு. நத்தையின் முட்டை மீனுக்கு உணவு. இப்படிச் சுற்று முழுமையடைந்தது.

1850ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தாம் கூட்டிச் சேர்த்த அதே வேதியியல் சங்கத்தில் இந்த ஆய்வை அவர் முன்வைத்தார். தங்கமீன், செடி, நத்தை மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று வாழவைக்கின்றன என்பதே அதன் சாரம். வீட்டு மீன்தொட்டி என்ற பொழுதுபோக்கின் அடித்தளம் அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

நாடெங்கும் பரவிய ஆர்வம்

அடுத்த சில ஆண்டுகளில் மீன்தொட்டி இங்கிலாந்தில் பெரும் மோகமாகவே மாறியது. கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த வரி 1845ஆம் ஆண்டில் நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிவாகியிருந்தது. 1853ஆம் ஆண்டில் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அக்வேரியம் என்ற சொல்லையே வீடுதோறும் கொண்டுசேர்த்தது. வாரிங்டனும் சும்மா இருக்கவில்லை. 1852ஆம் ஆண்டளவில் கடல்நீரிலும் இதே முறையைச் சோதித்தார். ஸ்டிக்கில்பேக் என்ற சிறிய மீன் கூடு கட்டுவதைத் தொட்டியில் வைத்துக் கவனித்து எழுதினார்.

ராயல் சொசைட்டி என்ற புகழ்பெற்ற அறிவியல் கழகம் 1864ஆம் ஆண்டில் அவரை உறுப்பினராக்கியது. 1867ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், தம் 60ஆம் வயதில் அவர் காலமானார்.

கணக்கில் விடுபட்டது

வாரிங்டனைப் போற்றுவதற்காக அவருடைய விளக்கம் முழுமையானது என்று சொல்லிவிட முடியாது. மீனும் செடியும் மூச்சுக்காற்றைப் பரிமாறிக்கொள்வதால்தான் தொட்டி நிலைக்கிறது என்ற கருத்து நூறு ஆண்டுகளுக்குமேல் பொழுதுபோக்காளர்களிடம் நிலவியது. பின்னர் வந்தவர்கள் அதில் இரண்டு விடுபடல்களைக் கண்டார்கள்.

முதலாவது, தண்ணீரின் மேற்பரப்பு. தொட்டிக்குள் உயிர்வாயு வருவதும் கரியமிலவாயு வெளியேறுவதும் பெருமளவு மேற்பரப்பின் வழியாகவே நடக்கின்றன. செடிகள் இரவில் உயிர்வாயுவைத் தருவதில்லை. அவையும் அதை எடுத்துக்கொள்கின்றன. நம் வட்டாரத்துக்கு இது இன்னும் முக்கியம். 15 பாகை செல்சியஸ் தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் உயிர்வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். சிங்கப்பூர், மலேசியா வீடுகளில் தொட்டித் தண்ணீர் 28, 29 பாகையில் இருக்கும்போது அந்த அளவு 8 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் வாய் குறுகிய உருண்டைக் கிண்ணத்தைவிட, மேற்பரப்பு அகன்ற நீண்ட தொட்டியை வாங்கச் சொல்கிறேன்.

இரண்டாவது விடுபடல்தான் புதுத் தொட்டி மீன்களைக் கொல்வது. மீன்கள் தங்கள் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவும் அழுகி அம்மோனியாவாகிறது. அதற்கு நிறம் இல்லை. பார்க்கத் தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். மீனுக்கோ அது நஞ்சு. செடிகள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சும். மீதி என்னவாகிறது? வாரிங்டன் வாழ்ந்த காலத்தில் இதற்கு விடை இல்லை.

மகன் கண்ட உதவியாளர்கள்

வாரிங்டனின் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். 1838ஆம் ஆண்டில் பிறந்தவர். உடல்நலம் குன்றிய பிள்ளை. மருந்தாளர் சங்கக் கட்டடத்தில் வளர்ந்து, தந்தையின் ஆய்வுக்கூடத்திலேயே வேதியியல் கற்றார். தங்கமீன் ஆய்வு நடந்தபோது அவருக்குப் பத்து, பதினொரு வயது.

பிற்காலத்தில் மகன் வேளாண் வேதியியலாளராகி, லண்டனுக்கு வடக்கே உள்ள ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். அவர் ஆராய்ந்தது மீன்தொட்டியை அல்ல, வயல் மண்ணை. மண்ணில் உள்ள அம்மோனியா எப்படி நைட்ரேட்டாக மாறுகிறது என்பது விவசாயிகளுக்கு மிக முக்கியமான கேள்வி. அது வெறும் வேதிவினை என்று பலர் நினைத்தார்கள்.

1877ஆம் ஆண்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியாகக் கழிவுநீரை மெல்ல வடியவிட்டார்கள். முதல் 20 நாள்கள் எந்த மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றது. வேதிவினை மட்டும் என்றால் குளோரோஃபார்ம் அதை நிறுத்தக் காரணமில்லை. உள்ளே உயிருள்ள ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பது தெளிவானது.

மகன் வாரிங்டன் அந்த முடிவை ராதம்ஸ்டெட்டில் உறுதிப்படுத்தினார். அதற்கு அப்பாலும் சென்றார். மாற்றம் இரண்டு கட்டமாக நடக்கிறது என்று காட்டினார். முதலில் அம்மோனியா நைட்ரைட்டாகிறது. பிறகு நைட்ரைட் நைட்ரேட்டாகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி நுண்ணுயிர் இருக்கிறது என்பதையும் கண்டார். ஆனால் அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் முயற்சி அவருக்குக் கைகூடவில்லை. அவை வழக்கமான ஊட்டப்பொருள்களில் வளர மறுத்தன. 1890ஆம் ஆண்டில் செர்கேய் வினோகிராட்ஸ்கி, கரிமப் பொருள்கள் இல்லாத ஊடகத்தைப் பயன்படுத்தி அவற்றைப் பிரித்தெடுத்தார். பெரும்புகழ் அவருக்குச் சென்றது. மகன் வாரிங்டன் 1907ஆம் ஆண்டில் காலமானார்.

அந்தப் பிரெஞ்சுக் குழாயை நினைத்துப் பாருங்கள். மணல் வழியாக அழுக்கு நீர் மெல்ல வடிகிறது. மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் நஞ்சை மாற்றுகின்றன. நம் தொட்டியின் வடிகட்டி செய்வதும் அதையேதான். அதன் பஞ்சும் பீங்கான் துண்டுகளும் தூசியைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, நுண்ணுயிர்கள் குடியிருப்பதற்காகவும் இருக்கின்றன. நத்தையைத் தேடிக் கண்டுபிடித்த தந்தையின் பாத்திரத்திலும், மணலிலும் கல்லிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டு இதே நுண்ணுயிர்கள் உழைத்திருக்க வேண்டும். அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தச் சோதனை வந்தது. தம் தங்கமீன்களைக் காத்தவர்களில் பாதிப் பேரை அவர் அறியவே இல்லை.

நம் வீட்டுத் தொட்டிக்கு

இந்த இரு வாழ்க்கைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறை மிக எளிது.

முதலில் தொட்டி, மணல், செடி, வடிகட்டி ஆகியவற்றை அமையுங்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் சேர்க்கப்படுகிறது. குளோரினைப் போல இது ஓரிரவு வாளியில் வைத்தால் போய்விடாது. மீனுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இது ஆகாது என்பதால், மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அது குளோரமினையும் நீக்குமா என்று புட்டியில் படித்துப் பாருங்கள்.

பிறகு காத்திருங்கள். தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுகவிட்டாலே அம்மோனியா உருவாகும். அதை உண்ண நுண்ணுயிர்கள் பெருகும். இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி, வாரம் இருமுறை அளந்து குறித்து வையுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். கடைசியில் நைட்ரேட் மட்டும் ஏறும். வரைதாளில் இட்டுப் பார்த்தால், மகன் வாரிங்டன் கண்ட இரண்டு கட்டங்களும் இரண்டு மலைகளாகத் தெரியும். பள்ளிச் செயல்திட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது அரிது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வந்த பிறகுதான் மீன் வாங்க வேண்டும். அதுவும் ஒரே நாளில் பத்து வேண்டாம், இரண்டு மூன்றாகச் சேருங்கள்.

வாரிங்டன் செய்ததுபோல் 54 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் தங்கமீன் வளர்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன். தங்கமீன் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். அந்த அளவுத் தொட்டிக்குக் கப்பி போன்ற சிறு மீன்களே பொருத்தம். தண்ணீரை மாற்றாமலே விடவும் வேண்டாம். சேர்ந்துகொண்டே போகும் நைட்ரேட்டைக் குறைக்க வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் தேய்த்துக் கழுவினால் அதில் குடியிருப்பவர்களையும் கொன்றுவிடுவீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும்.

நத்தைகள் செடியோடு ஒட்டிக்கொண்டு தாமாகவே வந்துசேரும். அளவுக்கு மீறிப் பெருகினால், நீங்கள் அளவுக்கு மீறி உணவு போடுகிறீர்கள் என்று பொருள்.

தண்ணீர் ஒருநாள் கலங்கும். அப்போது எல்லாவற்றையும் கொட்டிக் கழுவத் தோன்றும். அதற்கு முன் சோதனைப் பெட்டியை எடுத்து அளந்து, தொட்டியில் எது மிகுதி, எது குறைவு என்று பாருங்கள். மிஞ்சிய உணவா, அழுகிய இலையா, இன்னும் பெருகாத நுண்ணுயிர்களா என்பது தெரிந்தால், செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும். 1849இல் வாரிங்டனிடம் சோதனைப் பெட்டி இல்லை. இருந்ததெல்லாம் இரண்டு தங்கமீனும், ஒரு செடியும், பொறுமையும்தான்.